இஞ்சி காப்பது பிட்யூட்டரியையா, விரையையா? எலிச் சோதனைத் திட்டம் பற்றி

யெலஹங்கா_ஆய்வர் · திங்கள், காலை 9:12

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூரில் முனைவர் பட்டத்துக்கான வேலை. வேதிப்பொருள் நச்சால் பிட்யூட்டரிக்கு (மூளையின் அடியில் இருந்து மற்றச் சுரப்பிகளை ஏவும் சிறு சுரப்பி) வரும் கேட்டை இஞ்சி தடுக்கிறதா என்பதுதான் தலைப்பு. ஈரல், சிறுநீரகம், விரை பற்றி இஞ்சி ஆய்வுகள் குவிந்து கிடக்கின்றன. பிட்யூட்டரி பக்கம் வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

இப்போதைய திட்டம்: 24 ஆண் விஸ்டார் எலிகள், குழுவுக்கு 6 வீதம் நாலு குழு. ஒன்றுக்கு வெறும் நீர், ஒன்றுக்கு இஞ்சி மட்டும், ஒன்றுக்கு டார்ட்ராசின் (மஞ்சள் உணவுச் சாயம்) மட்டும், கடைசிக் குழுவுக்கு இரண்டும். இஞ்சி நீர்ச்சாறு 200 மி.கி./கி.கி., 30 நாள், குழாய் வழியாக. முடிவில் ரத்த ஹார்மோன்கள்: விரையைத் தூண்டும் எல்எச், எஃப்எஸ்எச், விரை சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன், தைராய்டைத் தூண்டும் டிஎஸ்எச், பால் சுரப்புக்கான புரோலாக்டின். பிட்யூட்டரியில் எம்டிஏ (ஆக்சிஜனேற்றச் சேதத்தின் அளவுகோல்), குளுட்டதயோன், எஸ்ஓடி (அந்தச் சேதத்தைத் தடுக்கும் செல்பொருள்கள்), கூடவே ஹீமடாக்சிலின்–இயோசின் தட்டு (சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கும் திசு வெட்டு).

2024இல் கர்நாடக அரசு கோபி மஞ்சூரியன், பஞ்சுமிட்டாய், கபாப் நிறமிகள் மீது நடவடிக்கை எடுத்ததால்தான் டார்ட்ராசினைத் தேர்ந்தெடுத்தேன். ஐஏஇசிக்கு (விலங்குச் சோதனைக்கு அனுமதி தரும் நெறிக்குழு) விண்ணப்பம் இன்னும் போகவில்லை. தப்பு இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

திசுத்தட்டு · திங்கள், காலை 10:40

தம்பி, முதலில் ஒரு கணக்கு. வளர்ந்த ஆண் எலியின் பிட்யூட்டரி மொத்தமே 10 மி.கி. அளவுதான். அதே சுரப்பியில் தட்டும் போட்டு எம்டிஏவும் பார்க்க முடியாது. பாதியாக வெட்டிக்கொள்ளலாம் என்று தோன்றும், வெட்டாதீர்கள். முன்மடலில் செல் வகைகள் ஒரே சீராகப் பரவியில்லை. இடத்துக்கு இடம் விகிதம் மாறும். வலப்பாதியில் எண்ணியதும் இடப்பாதியில் அரைத்ததும் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. தட்டுக்கு 6, அரைக்க 6 என்று பிரித்தால் குழுவுக்கு 12 எலி வேண்டும்.

எடுக்கும் முறையில்தான் பாதிப் பேர் சுரப்பியை இழக்கிறார்கள். மண்டையோட்டைப் பின்துளையிலிருந்து இரு பக்கமும் வெட்டி மேலோட்டைக் கழற்றுங்கள். மூளையை முன்பக்கம், முகர்குமிழ் பக்கத்திலிருந்து, சிறு கரண்டியால் தூக்கிப் பார்வை நரம்புகளை வெட்டிப் பின்னோக்கி மடக்குங்கள். காம்பு தானே அறுந்து, சுரப்பி மண்டையடித் தளத்திலேயே தங்கிவிடும். அதைத் தேடி மூளையின் அடிப்பக்கத்தைப் பார்ப்பது வீண். தளத்தில் இரண்டு தடித்த வெள்ளை நரம்புகள், முகத்துக்குப் போகும் முக்கிளை நரம்புகள், தண்டவாளம் மாதிரி ஓடும். அவற்றின் நடுவே இளஞ்சிவப்பில் தட்டையாக, சிறகு விரித்தது போலக் கிடப்பதுதான் சுரப்பி. நடுவில் ஒரு வெளிறிய திட்டு தெரியும், அது பின்மடலும் இடைமடலும்.

இடுக்கியால் பிடித்தால் கூழாகிவிடும். மேலே மூடியிருக்கும் உறையை ஊசி நுனியால் சுற்றிக் கீறி, வளைந்த நுண் இடுக்கியை மூடியபடியே அடியில் நுழைத்து ஏந்தி எடுங்கள்.

தட்டுக்கான எலியில் அதைக்கூடச் செய்ய வேண்டாம். சுரப்பி தளத்தில் இருக்கும்போதே 10 சதவீத நடுநிலை ஃபார்மலினில் தளத்தோடு 24 மணி நேரம் போட்டுவிட்டு, கெட்டியான பிறகு கழற்றுங்கள். கேசட்டில் (திசு வைக்கும் துளையுள்ள சிறு பெட்டி) நேராகப் போட்டால் துளை வழியே போய்விடும், இரண்டு ஸ்பாஞ்சுக்கு நடுவில் வையுங்கள். ஈரலுக்கு ஓட்டும் நீண்ட ஆல்கஹால் அட்டவணை இதற்கு ஆகாது. இவ்வளவு சிறிய திசு அதில் நொறுங்கிப் பிளேடில் பொடியாக உதிரும்.

மெழுகில் படுக்கைவாட்டில் பதியுங்கள். அப்போதுதான் மூன்று மடலும் ஒரே வெட்டில் வரும். 4 மைக்ரான். எல்லா எலியிலும் ஒரே மட்டத்தை ஒப்பிட வேண்டும். மேல்மட்ட வெட்டையும் நடுமட்ட வெட்டையும் பக்கத்தில் வைத்து "செல் குறைந்திருக்கிறது" என்று எழுதுவது பெரிய பிழை.

எடைக்கு 0.01 மி.கி. காட்டும் தராசு தேவை. 1 மி.கி. தராசில் 10 மி.கி. திசுவைப் போட்டால் பிழையே பத்து சதவீதம்.

நச்சளவு · திங்கள், மதியம் 1:05

டார்ட்ராசின் பற்றி. 2024 மார்ச்சில் இங்கே அறிவித்த முடிவில் 171 கோபி மஞ்சூரியன் மாதிரிகளில் 107 பாதுகாப்பற்றவை. அந்த வலையில் சிக்கியவற்றுள் ரோடமின்-பி உணவில் எப்போதுமே அனுமதியில்லாத சாயம். டார்ட்ராசின் அப்படி அல்ல, குறிப்பிட்ட சில உணவுகளில் அளவு கட்டி அனுமதித்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து முன்னுரை எழுதாதீர்கள். உணவுச் சேர்ப்பொருள்களை மதிப்பிடும் பன்னாட்டு வல்லுநர் குழுவான ஜெக்ஃபா 2016இல் டார்ட்ராசினுக்கு வைத்த ஏற்புடைய தினசரி அளவு 0 முதல் 10 மி.கி./கி.கி. வரை. எலிக்கு மாற்ற 6.2ஆல் பெருக்கினால் 62 மி.கி./கி.கி. அதற்கு மேல் போனால் "மனிதர் உண்ணும் அளவு" என்ற சொல்லை எடுத்துவிட வேண்டும்.

அடுத்தது, இந்தச் சாயம் முழு மூலக்கூறாகக் குடலைத் தாண்டுவது மிகக் குறைவு. குடல் நுண்ணுயிரிகள் அசோ பிணைப்பை உடைத்துச் சல்ஃபனிலிக் அமிலமாக்கிவிடும். ஆக, பிட்யூட்டரியைத் தொடுவது எது என்ற கேள்விக்கே உங்களிடம் பதில் இருக்காது.

மூன்றாவதாக ஒரு பொறி. குளுட்டதயோனை டிடிஎன்பி (அதோடு சேர்ந்து மஞ்சள் நிறம் தரும் வினைப்பொருள்) போட்டு 412 நானோமீட்டரில் படிப்பீர்கள். டார்ட்ராசின் உச்சமாக உறிஞ்சுவது 425 சுற்றி. சீரத்திலோ சிறுநீரகத்திலோ சாயம் மிச்சமிருந்தால் அந்த மஞ்சளும் குளுட்டதயோன் கணக்கில் சேர்ந்துவிடும். ஒவ்வொரு மாதிரிக்கும் டிடிஎன்பி இல்லாத வெற்றுக்குழி ஒன்று வைத்துக் கழித்தே ஆக வேண்டும்.

பிட்யூட்டரிதான் இலக்கு என்றால் கேட்மியம் தெளிவான தேர்வு. முன்மடல் மூளை-ரத்தத் தடுப்புக்கு வெளியே இருக்கிறது, நுண்குழாய்ச் சுவரில் துளைகள் உண்டு. கேட்மியம் அங்கே சேர்வதும் புரோலாக்டின் சுரப்பை மாற்றுவதும் பல ஆய்வகங்களில் பார்த்தவை. சேர்ந்த அளவை நேரடியாக அளக்கலாம் என்பது இன்னொரு வசதி.

உப்பைப் பார்த்து வாங்குங்கள். நீரற்ற கேட்மியம் குளோரைடில் கேட்மியம் 61.3 சதவீதம். கடையில் அதிகம் கிடைக்கும் இரண்டரை நீர் மூலக்கூறு உள்ள வகையில் 49.2 சதவீதம். கி.கி.க்கு 5 மி.கி. கேட்மியம் கொடுக்க முதலாவதில் 8.16 மி.கி., இரண்டாவதில் 10.16 மி.கி. நிறுக்க வேண்டும். கட்டுரையில் "5 மி.கி. கேட்மியம் குளோரைடு" என்று மட்டும் எழுதினால் எது, எவ்வளவு என்று படிப்பவருக்குத் தெரியாது.

கேட்மியம் மனிதருக்குப் புற்றுநோய் தரும் முதல் வகுப்புப் பொருள். பொடியை நிறுப்பது புகைக்கூண்டுக்குள். மிச்சக் கரைசல், படுக்கைத் தூள், எலி உடல் எதுவும் சாதாரணக் கழிவோடு போகக் கூடாது, சிங்க்கில் ஊற்றவே கூடாது. இந்த ஊரின் சாக்கடை நீர் விருஷபாவதி வழியாகப் பைரமங்கலா ஏரிக்குப் போய், அங்கிருந்து வயலுக்குப் பாய்கிறது.

வேர்மருந்து · திங்கள், மாலை 4:30

"இஞ்சி நீர்ச்சாறு 200 மி.கி." என்ற வரியைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறவில்லை. எந்த இஞ்சி? பச்சையா, சுக்கா? நீரில் எத்தனை டிகிரியில், எவ்வளவு நேரம்?

பச்சை இஞ்சியின் காரம் 6-ஜிஞ்சரால். உலர்த்தினாலோ சூடாக்கினாலோ ஒரு நீர் மூலக்கூறை இழந்து 6-ஷோகால் ஆகும். எடை 294இலிருந்து 276ஆகக் குறையும். பெயர் மாற்றம் மட்டும் இல்லை, வேலையும் மாறுகிறது. ஷோகாலில் உள்ள இரட்டைப் பிணைப்பு கீப்-1 புரதத்தின் சிஸ்டீனைப் பிடித்து, அது கட்டிவைத்திருக்கும் என்ஆர்எஃப்-2 என்ற காப்பு மரபணுக்களை முடுக்கும் புரதத்தை விடுவிக்கும். அதன்பின் செல் தானே குளுட்டதயோன் நொதிகளைக் கூடுதலாக உண்டாக்கும். பச்சைச் சாறும் சுக்குக் கஷாயமும் இரண்டு வேறு மருந்துகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஜிஞ்சரால் நீரில் சுலபமாகக் கரையாது. நீர்ச்சாற்றில் நீங்கள் எடுப்பது பெரும்பாலும் சர்க்கரை, மாவு, புரதம். எத்தனாலில் எடுங்கள். சுக்குப்பொடி 100 கிராமுக்கு 95 சதவீத எத்தனால் 500 மி.லி., அறைச்சூட்டில் 24 மணி நேரம் குலுக்கி வடிகட்டி, அதே சக்கையை இன்னும் இரண்டு முறை. குறைந்த அழுத்தத்தில் 40 டிகிரிக்கு மேல் போகாமல் வற்றவையுங்கள். பழுப்பு நிறத்தில் தேன் பதத்துக்குப் பிசின் வரும். அம்பர் புட்டியில் −20இல் வையுங்கள். ஹெச்பிஎல்சியில் (கலவையைப் பிரித்து அளக்கும் கருவி) சி-18 தூண், 280 நானோமீட்டர். 6-ஜிஞ்சரால், 6-ஷோகால் இரண்டையும் தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் அளந்து எழுதுங்கள். 30 நாளில் ஒன்று குறைந்து மற்றது ஏறியிருந்தால் அதுவும் தெரியட்டும்.

அளவுக் கணக்கும் பாருங்கள். எடுத்துக்காட்டாக 100 கிராம் பொடியில் 12 கிராம் சாறு கிடைத்தால், 200 மி.கி. சாறு என்பது 1,667 மி.கி. பொடி. எலி அளவை மனித அளவாக்க 0.162ஆல் பெருக்கினால் 270 மி.கி./கி.கி. 60 கிலோ ஆளுக்கு தினம் 16 கிராம் சுக்கு! யாரும் அப்படிக் குடிப்பதில்லை. 25, 50, 100 என்று மூன்று அளவு வைத்து முன்னோட்டம் பாருங்கள்.

கே.ஆர். மார்க்கெட்டில் வாங்கினால் ரகம் தெரியாது. கர்நாடகத்தில் நிறையப் பயிராகும் ரியோ-டி-ஜெனிரோ சாறு மிகுந்த ரகம், உலர்ந்தால் எடை நிற்காது. மாரன், ஐஐஎஸ்ஆர் வரதா போன்றவை சுக்குக்கு ஏற்றவை. ஒரே விவசாயியிடம் ஒரே அறுவடையில் மொத்தத் தேவையையும் வாங்கி, செடி மாதிரியை உலர்தாவரச் சேகரத்தில் எண் போட்டு வையுங்கள். பொடியில் ஈயம், கேட்மியம், அஃப்ளடாக்சின் மூன்றையும் சோதியுங்கள். கேட்மியத்துக்கு எதிராகக் கொடுக்கும் பொருளிலேயே கேட்மியம் இருந்தால் முழு வேலையும் கெட்டது.

சிவாஜிநகர்_வைத்தியர் · திங்கள், இரவு 8:15

ஐயா, ஒரு சேர்க்கை. "சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு" என்று எங்கள் மரபில் சொல்வோம். சுக்கைச் சுண்ணாம்பில் ஊறவைத்து, கழுவிக் காயவைத்து, மேல்தோலைச் சீவிய பிறகுதான் மருந்தில் சேர்ப்போம். தோலோடு அரைத்ததா, சீவியதா என்று உங்கள் செய்முறையில் இருக்கட்டும். சந்தையில் வெள்ளையாகத் தெரியும் சுக்கு சுண்ணாம்பு பூசியதாக இருக்கலாம், அதையும் கேட்டு வாங்குங்கள்.

வேர்மருந்து · திங்கள், இரவு 8:50

நல்ல நினைவூட்டல், ஐயா. எண்ணெய்ச் செல்கள் தோலுக்கு அடியிலேயே நெருங்கி இருப்பதால் ஆழமாகச் சீவினால் காரமும் மணமும் போய்விடும். மூங்கில் சீவலால் மேலாகச் சுரண்டினால் போதும். சுண்ணாம்பு கலந்த பொடியின் காரத்தன்மை ஜிஞ்சராலைப் பாதிக்கும் என்பதால் ஆய்வுக்குச் சுண்ணாம்பு படாத சுக்கை எடுப்பது நல்லது. சித்த முறைச் சுத்தியை, அதாவது நஞ்சு நீக்கும் முறையைச் சோதிக்க விரும்பினால் அதைத் தனிக் குழுவாக வைக்கலாம்.

அச்சு_மருத்துவர் · செவ்வாய், காலை 7:20

எல்லோரும் சொன்னது சரி. ஆனால் திட்டத்தின் நடு எலும்பில் ஒரு விரிசல் இருக்கிறது, அதை இன்னும் யாரும் தொடவில்லை.

பிட்யூட்டரி தனியாக நிற்கும் உறுப்பு இல்லை. மேலே ஹைப்போதலாமஸ், கீழே விரை, தைராய்டு, அட்ரீனல். கேட்மியம் விரையின் ரத்தக்குழாய்களை மிகச் சுலபமாகத் தாக்கும், 1950களிலிருந்தே தெரிந்த விஷயம். விரை கெட்டால் டெஸ்டோஸ்டிரோன் விழும். எல்எச் சுரப்பை அடக்கிவைப்பது டெஸ்டோஸ்டிரோன்தான், அந்தக் கடிவாளம் போனதும் எல்எச் சுரக்கும் செல்கள் வீங்கி, உள்ளே குமிழ் நிறைந்து, உட்கரு ஓரத்துக்குத் தள்ளப்பட்டு முத்திரை மோதிரம் போல் ஆகும். ஆண்மை நீக்கிய எலியில் வரும் அதே செல்கள். நஞ்சு அந்தச் செல்லைத் தொடவே வேண்டாம்.

இப்போது இஞ்சியும் சேர்த்துக் கொடுத்த குழுவில் குமிழ்கள் குறைந்தால் என்ன எழுதுவீர்கள்? "இஞ்சி பிட்யூட்டரியைக் காத்தது" என்று. நடந்தது இஞ்சி விரையைக் காத்தது, டெஸ்டோஸ்டிரோன் விழவில்லை, கடிவாளம் அறுபடவில்லை என்பதாகவும் இருக்கலாம். தட்டில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

பிரித்தறிய முதல் கருவி ஹார்மோன் ஜோடி. டெஸ்டோஸ்டிரோன் குறைந்து எல்எச் ஏறினால் கேடு விரையில். இரண்டும் சேர்ந்து விழுந்தால் கேடு மேலே, பிட்யூட்டரியிலோ ஹைப்போதலாமஸிலோ. அந்த இரண்டில் எது என்று பார்க்க ஜிஎன்ஆர்எச் (எல்எச்சைச் சுரக்கச் சொல்லும் ஹைப்போதலாமஸ் ஹார்மோன்) ஊசி போட்டு எல்எச் எழுகிறதா என்று பாருங்கள். எழுந்தால் பிட்யூட்டரி நலம், குறை அதற்கும் மேலே.

உறுதியான வழி இன்னொன்று உண்டு. எல்லாக் குழுவிலும் விரையை நீக்கி, தோலடியில் டெஸ்டோஸ்டிரோன் குழாய் வைத்து ரத்த அளவை ஒரே மட்டத்தில் நிறுத்திவிட்டுப் பிறகு கேட்மியம், இஞ்சி கொடுப்பது. இனி விரை கணக்கில் இல்லை. அப்போதும் இஞ்சிக் குழுவில் பிட்யூட்டரி நன்றாக இருந்தால்தான் காப்பு அங்கேயே நடக்கிறது என்று சொல்லலாம்.

எல்எச் துடிப்பாகச் சுரக்கும். ஒரே ஒரு ரத்தத்துளியில் அளந்த எல்எச் அந்த நிமிடத்தின் கதையை மட்டுமே சொல்லும், 6 எலியில் சிதறல் பெரிதாக வரும். அதனால் விந்துப்பையையும் வயிற்றுப்பக்கப் புரோஸ்டேட்டையும் எடுத்து நிறுங்கள். அவை வாரக்கணக்கான டெஸ்டோஸ்டிரோனின் மொத்தக் கணக்கு. செலவே இல்லாத அளவீடு, ஏனோ பலரும் தூக்கி எறிகிறார்கள்.

ஹார்மோன் அளக்கும் எலைசா பெட்டி எலிக்கென்றே செய்ததாக இருக்கட்டும். மனித எல்எச் பெட்டியில் எலி சீரம் போட்டுக் கிடைக்கும் எண்ணுக்குப் பொருள் இல்லை. ஏசிடிஎச் (அட்ரீனலைத் தூண்டும் ஹார்மோன்) பார்க்க நினைத்தால் பிளாஸ்டிக் ஈடிடிஏ குழாயில் எடுத்துப் பனிக்கட்டியில் வைத்து 4 டிகிரியில் சுழற்றுங்கள். கண்ணாடியில் அது ஒட்டிக்கொள்ளும்.

திசுத்தட்டு · செவ்வாய், காலை 9:00

மேடம் சொன்னதற்குத் தட்டு பக்கத்திலிருந்து ஒரு துணை. ஹீமடாக்சிலின்–இயோசின் மட்டும் போதாது. பிஏஎஸ்–ஆரஞ்சு ஜி சாயம் போட்டால் எல்எச், எஃப்எஸ்எச், டிஎஸ்எச் செல்கள் மெஜந்தாவிலும், வளர்ச்சி ஹார்மோன், புரோலாக்டின் செல்கள் ஆரஞ்சிலும் பிரிந்து நிற்கும். குமிழ் மெஜந்தாச் செல்களில் மட்டும், உட்கரு உயிர்ப்போடு வெளிறி இருந்தால் கடிவாளம் போன செல் என்று சந்தேகப்படுங்கள். எல்லா நிறச் செல்லிலும் குமிழ், கூடவே சுருங்கிக் கறுத்த உட்கரு, நுண்குழாய்களில் ரத்தத் தேக்கம் என்றால் நேரடி நச்சின் பக்கம் சாயலாம். எல்எச்-பீட்டா நோயெதிர்ப்பு நிறமேற்றம் செய்தால் முடிவு இன்னும் உறுதி.

யெலஹங்கா_ஆய்வர் · செவ்வாய், காலை 11:30

ரொம்ப நன்றி மேடம், ஐயா, அண்ணா எல்லோருக்கும். டார்ட்ராசினை விட்டுவிட்டுக் கேட்மியத்துக்கு மாறுகிறேன். முதலில் முன்னோட்டம், பிறகு டெஸ்டோஸ்டிரோனை ஒரே மட்டத்தில் நிறுத்திய சோதனை என்று இரண்டு கட்டமாக எழுதலாமா? காலையில் இஞ்சியும் கேட்மியமும் ஒரே சமயம் கொடுத்தால் எலிக்கு ஒரு குழாய்தான், சிரமம் குறையும் என்று நினைத்தேன். அது சரியா?

நச்சளவு · செவ்வாய், மதியம் 12:10

கூடாது. வாய்வழி கேட்மியத்தில் உடலுக்குள் போவதே சில சதவீதம். இஞ்சியின் ஃபீனால்கள் குடலிலேயே அதைப் பிடித்துக்கொண்டால் அந்தச் சில சதவீதமும் குறையும். பிட்யூட்டரி நலமாக இருக்கும், இஞ்சி ரத்தத்துக்கே போயிருக்காது. இரண்டுக்கும் நடுவே குறைந்தது 4 மணி நேரம் விடுங்கள். இன்னும் தெளிவு வேண்டுமென்றால் கேட்மியத்தை வயிற்றறை ஊசியாகவும் இஞ்சியை வாய்வழியாகவும் கொடுங்கள். ஊசி அளவு வாய்வழி அளவைவிடப் பல மடங்கு குறைவாக இருக்க வேண்டும். 5 மி.கி.யை ஊசியில் போட்டால் எலி தாங்காது.

எந்த வழியானாலும் ரத்தம், சிறுநீரகம், பிட்யூட்டரி மூன்றிலும் கேட்மியத்தை அளந்தே ஆக வேண்டும். இரு குழுவிலும் பிட்யூட்டரிக் கேட்மியம் சமமாக இருந்து கேடு மட்டும் குறைந்தால், அதுதான் காப்பு. கேட்மியமே குறைந்திருந்தால் அது உறிஞ்சல் தடை. அதுவும் பயனுள்ள முடிவுதான், பெயர் மட்டும் வேறு. 10 மி.கி. திசுவுக்கு ஐசிபி-எம்எஸ் (மிக நுண்ணிய உலோக அளவையும் காட்டும் கருவி) வேண்டும். சுரப்பியைத் தொடும் இடுக்கியையும் குழாய்களையும் முந்தின நாளே நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவுங்கள். வெற்றுக்குழாய் மூன்றையாவது கூடவே ஓட்டுங்கள்.

வேர்மருந்து · செவ்வாய், மதியம் 12:45

உறிஞ்சல் என்றதும் ஒன்று. 2008இல் வெளியான மனித ஆய்வில் 100 மி.கி. முதல் 2 கிராம் வரை இஞ்சி கொடுத்து ரத்தம் பார்த்தார்கள். தனி 6-ஜிஞ்சரால் யாரிடமும் தென்படவில்லை, குளுகுரோனைடு, சல்பேட் இணைந்த வடிவங்களே இருந்தன. ஆகவே செல் வளர்ப்பில் சுத்த ஜிஞ்சராலை ஊற்றிக் கிடைக்கும் முடிவை அப்படியே சுரப்பிக்கு ஏற்றிச் சொல்ல முடியாது. இணைந்த வடிவத்தையும் ஒரு கிண்ணத்தில் வைத்துப் பாருங்கள்.

கூண்டுக்காப்பாளர் · செவ்வாய், மாலை 5:15

கூண்டுப் பக்கம் கெடுவதைச் சொல்கிறேன்.

பிசினை 0.5 சதவீத கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸில் கலப்பீர்கள். நிற்கவிட்டால் அடியில் படியும். கலக்கியபடியே ஊசிக்குழாயில் ஏற்றாவிட்டால் முதல் எலிக்கு வெறும் கஞ்சி, கடைசி எலிக்கு மொத்த இஞ்சி. காந்தக் கலக்கியிலேயே பாத்திரம் இருக்கட்டும். கொடுக்கும் அளவு கி.கி.க்கு 5 மி.லி., அதாவது 250 கிராம் எலிக்கு 1.25 மி.லி. குண்டு நுனி ஊசியை வாயிலிருந்து கடைசி விலா எலும்பு வரை வெளியே வைத்து அளந்து குறி போட்டுக்கொள்ளுங்கள். இஞ்சிப் பிசின் மூச்சுக்குழாயில் போனால் நிமோனியாதான். மூக்கில் நுரை வந்தால் அந்த எலியைப் பதிவேட்டில் எழுதி விலக்குங்கள்.

குழாய் விடுவதே எலிக்கு அழுத்தம். கார்டிகோஸ்டிரோன் ஏறினால் எல்எச் இறங்கும். கையாளுவதில் புரோலாக்டின் சில நிமிடத்தில் மாறும். ஆரம்பிக்கும் முன் ஒரு வாரம் தினமும் கையில் எடுத்துப் பழக்குங்கள். வெறும் நீர்க் குழுவுக்கும் அதே எண்ணிக்கையில் குழாய் விடுங்கள்.

கேட்மியம் கொடுத்த எலி குறைவாகத் தின்னும். பட்டினியே எல்எச், டிஎஸ்எச் இரண்டையும் இறக்கும். அதனால் ஐந்தாவது குழு வேண்டும்: கேட்மியம் இல்லை, ஆனால் கேட்மியக் குழு முந்தின நாள் தின்ற அளவே தீனி. இது இல்லாமல் "டிஎஸ்எச் குறைந்தது" என்பதற்குப் பொருளே இல்லை.

முடிவு நாளில் ஒரு குழுவை முடித்துவிட்டு அடுத்த குழுவுக்குப் போகாதீர்கள். ஒவ்வொரு குழுவிலும் ஒன்று, பிறகு மறுபடி சுற்று. விளக்கு 6 மணிக்கு எரிந்தால் காலை 8:30 முதல் 11 வரை மட்டும். மாலையில் எலியின் கார்டிகோஸ்டிரோன் உச்சத்துக்குப் போகும். அறுக்கும் அறையில் அடுத்த எலி காத்திருக்கக் கூடாது, ரத்த வாடையே போதும் அதற்கு.

ஐந்து குழு, 12 வீதம் 60 எலி. ஐஏஇசி முதலில் கேட்பது ஏன் 60 என்றுதான். தட்டுக்கு 6, அரைக்க 6 என்ற காரணத்தையும் சுரப்பி எடையையும் விண்ணப்பமான படிவம் பி-யிலேயே எழுதிவிடுங்கள். டெஸ்டோஸ்டிரோனை ஒரே மட்டத்தில் நிறுத்தும் கட்டத்தை முதல் கட்ட முடிவு வந்த பிறகு தனியாகக் கேளுங்கள். தேவைப்படாமலே போகலாம், அவ்வளவு எலியும் மிஞ்சும்.

பீன்யா_பணியாளர் · செவ்வாய், இரவு 9:40

ஐயா, மேடம், படித்தது பாதி புரிந்தது. முலாம் பூசும் பட்டறையில் வேலை செய்பவர்கள் தினம் இஞ்சி டீ, சுக்குக் காபி குடித்தால் இந்தக் கேட்மியத்திலிருந்து தப்பலாமா?

அச்சு_மருத்துவர் · புதன், காலை 6:50

அண்ணா, கேட்டது ரொம்ப நல்லது. இஞ்சியை நம்பி முகக்கவசத்தையும் கையுறையையும் விடாதீர்கள். எலியில் பார்க்கும் காப்பு மனிதத் தொழிலாளிக்கு இருக்கிறது என்று யாரும் காட்டவில்லை. சிறுநீரகத்தில் சேர்ந்த கேட்மியம் பாதியாகக் குறையவே 10 முதல் 30 ஆண்டு ஆகும். டீ அதைக் கழுவித் தள்ளாது.

உறுதியாக உதவுபவை இவை. பட்டறையில் காற்று உறிஞ்சி ஓட வேண்டும். வேலை இடத்தில் சாப்பாடு, டீ, பீடி எதுவும் வேண்டாம். சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வேலை உடுப்பை வீட்டுத் துணியோடு துவைக்காதீர்கள். புகையிலையிலேயே கேட்மியம் இருக்கிறது, பீடி சிகரெட்டை நிறுத்தினால் பெரிய பங்கு குறையும். இரும்புச் சத்து குறைந்த உடம்பு குடலில் கேட்மியத்தைக் கூடுதலாக இழுக்கும். பெண் தொழிலாளர்கள் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் இரண்டையும் பார்த்து, குறைந்திருந்தால் சரிசெய்துகொள்ள வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை ரத்தக் கேட்மியமும் சிறுநீர்க் கேட்மியமும். ரத்தம் அண்மையில் பட்டதைச் சொல்லும், சிறுநீர் பல ஆண்டுச் சேமிப்பைச் சொல்லும்.

சமையலில், டீயில் போடும் இஞ்சியால் தீங்கு இல்லை, குடியுங்கள். வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் சுக்குப்பொடியை மருந்து அளவில் எடுக்கும் முன் மருத்துவரிடம் கேளுங்கள். தைராய்டு மாத்திரை போடுபவர்கள் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டுவிட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் எந்த டீயும்.

விடாத தலைவலியோடு பக்கவாட்டுப் பார்வை குறைவது, குழந்தை இல்லாதபோது மார்பில் பால் கசிவது, மாதவிடாய் நிற்பது, காரணமில்லாத கடும் சோர்வு இருந்தால் நாளமில்லாச் சுரப்பி மருத்துவரைப் பாருங்கள். கஷாயத்தில் நாள் கடத்த வேண்டாம்.

யெலஹங்கா_ஆய்வர் · புதன், காலை 10:05

கடைசியாக ஒன்று. 10 மி.கி. சுரப்பியில் எம்டிஏ, குளுட்டதயோன், புரதம் மூன்றும் எடுக்க முடியுமா, இல்லை மூன்று நாலு சுரப்பியைச் சேர்த்து அரைக்க வேண்டுமா?

நச்சளவு · புதன், காலை 10:50

3 மி.லி. குவெட்டில் செய்தால் சேர்க்கத்தான் வேண்டும், சேர்த்தால் 6 எலி 2 மாதிரியாகிவிடும். 96 குழித் தட்டில் செய்யுங்கள். 10 மி.கி.க்கு 200 மைக்ரோலிட்டர் 50 மில்லிமோலார் பாஸ்பேட் தாங்கல், பிஎச் 7.4, பனிக்கட்டியில், சிறு குழாயிலேயே பிளாஸ்டிக் உலக்கையால் 30 தடவை. புரதத்துக்கு 10, குளுட்டதயோனுக்கு 50, எம்டிஏவுக்கு 100. மிச்சம் −80இல். குளுட்டதயோன் பங்கில் உடனே அமிலம் சேர்த்துப் புரதத்தைப் படியவைத்துவிடுங்கள், ஒரு மணி நேரம் தள்ளினால் ஆக்சிஜனேற்றமாகிக் குறையும். எம்டிஏ பங்கில் பிரித்தவுடனே 0.01 சதவீத பியூட்டிலேட்டட் ஹைட்ராக்சிடொலுயீன் (ஆக்சிஜனேற்றத் தடுப்பான்), இல்லாவிட்டால் 95 டிகிரியில் சூடாகும்போது புதிதாகவே எம்டிஏ உண்டாகும். பிட்யூட்டரி ரத்தம் நிறைந்த திசு. அரைத்த நீர் சிவப்பாக இருந்தால் எம்டிஏ படிக்கும் 532 நானோமீட்டரில் ஹீமோகுளோபின் எண்ணை ஏற்றும். தாங்கலில் இரண்டு முறை அலசி, ஒற்றி, பிறகு அரையுங்கள்.

திசுத்தட்டு · புதன், மதியம் 2:20

கேசட்டில் குழுப் பெயர் எழுதாதீர்கள், தம்பி. எண் மட்டும், பென்சிலால். பேனா மை சைலீனில் கரைந்து 30 கேசட்டும் வெள்ளையாக வந்து நிற்கும். எண்–குழு பட்டியலைக் கூண்டுக்காப்பாளர் மாதிரி வேறொருவர் பூட்டி வைக்கட்டும். நடுமட்ட வெட்டில் 40 மடங்கு லென்சில் எலிக்கு 10 புலம் எண்ணி முடித்த பிறகுதான் திறக்க வேண்டும். பிஏஎஸ் ஓட்டும் ஒவ்வொரு தடவையும் சிறுநீரகத் தட்டு ஒன்றைக் கூட ஓட்டுங்கள். குளோமருலஸ் அடிச்சவ்வு மெஜந்தாவில் கோடு போட்டதுபோல் தெரியாவிட்டால் பிஏஎஸ்ஸில் மெஜந்தா தரும் ஷிஃப் கரைசல் செத்துவிட்டது, அந்தத் தட்டுகளில் செல் எண்ணவே ஆரம்பிக்காதீர்கள்.